எலிகளின் பழைய விலாசம்

எலியைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். 1839-ல் வால்டர் எலியட் என்ற வெள்ளைக்கார அதிகாரி எழுதியிருக்கிறார். தார்வார் பக்கத்து விலங்குகளைப் பட்டியலிட்டு, சென்னையில் வெளிவந்த ஓர் இதழில் போட்டார். அது கன்னட நாடு. ஆனாலும் கரிசல், சோளம், பருத்தி என்று அவர் சொல்வதைப் படித்தால் நம் மங்களூர் மானாவாரிக் கொல்லைதான் நினைவுக்கு வரும்.

எலி என்று பொதுவாகச் சொல்லிவிட்டு அவர் போகவில்லை. ஒவ்வொன்றுக்கும் விலாசம் கொடுக்கிறார். ஒன்று வளைக்குள் தானியம் சேர்க்கும். நம் கரம்பை எலி அதுதான். இன்னொன்று புதரில் புல்லால் கூடு கட்டும். நாம் புல்லெலி என்பது சரியாக வளைகூடத் தோண்டாது. கொல்லையில் பொறுக்கிப் போட்ட கற்குவியல், பிறர் விட்டுப்போன வளை, கோடையில் கரிசலில் விழும் வெடிப்பு, இவைதான் அதற்கு வீடு. முதல் மழையில் வெடிப்பு மூடிக்கொள்ளும்போது கூட்டம் கூட்டமாகச் சாகும்.

1826-ல் அந்த முதல் மழை குறைந்துவிட்டது. புல்லெலி பெருகி விதைத்த விதையைத் தின்றது. பிறகு சோளத்தட்டையில் ஏறிக் கதிரை அறுத்தது. குடியானவர்களால் தீர்வை கட்ட முடியவில்லை. இத்தனை டஜன் எலிக்கு இத்தனை படி தானியம் என்று கூலி பேசி ஆள் வைத்தார்கள். ஆயிரக்கணக்கில் கொன்றும் குறையவில்லை என்கிறார் எலியட். ஆகவே பழைய காலத்தில் எலித்தொல்லை இல்லை என்று நான் சொல்ல வரவில்லை.

ஆனால் நான் சிறுவனாக இருந்தபோது இங்கே கம்பு, வரகு, துவரை, ஓரத்தில் ஆமணக்கு என்று கொல்லைக்குக் கொல்லை பயிர் மாறும். நடுவே அகல வரப்பு, கள்ளி வேலி, மாடு மேய ஒரு துண்டு கரம்பு. கரம்பில் வெள்ளெலி, வேலியில் மூஞ்சூறு, கீரி, சாரைப்பாம்பு. (மூஞ்சூறையும் எலி என்று அடிக்கிறார்கள். அது எலி இனமே இல்லை, பூச்சி தின்னும் பிராணி.)

நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்குத் தீவனம் தேவைப்பட, மக்காச்சோளம் வந்தது. விலை கிடைத்தது, குறை சொல்ல முடியாது. டிராக்டர் திரும்ப வசதியாக வரப்பைக் கரைத்தார்கள், கற்குவியலை அள்ளினார்கள், வேலியைப் பிடுங்கினார்கள். புதரும் கல்லும் கரம்பும் வேண்டிய பிராணிகளுக்கு இடமில்லை. எங்கும் தானே வளை தோண்டிக்கொள்ளும் கரம்பை எலிக்கு மட்டும் கவலையில்லை. அதைப் பிடிக்க இருந்த கீரிக்கும் சாரைக்கும் ஒதுங்க வேலி இல்லை. மிச்சமிருக்கும் ஆந்தை, விஷம் தின்று தள்ளாடும் எலியைத் தூக்கிக்கொண்டு போகிறது.

எங்கள் பக்கத்துக் கொல்லைக்காரர் மட்டும் பங்காளித் தகராறு தீராததால் ஒரு வரப்பையும் அதன் மேலுள்ள கல்லையும் தொடாமல் வைத்திருக்கிறார். போன தை மாதம் அங்கே வெள்ளெலி வளை நான்கு எண்ணினேன்.