கத்தியும் தராசும்

ஒரே தேசத்தில், ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒரே உபாதைக்குப் பரிகாரம் தேடிப் புறப்பட்ட இரண்டு முயற்சிகள், ஒன்றையொன்று ஏறெடுத்தும் பாராமல் பல ஆண்டுகள் தனித்தனியே வளர்ந்து, முடிவில் ஒரே மனிதரின் வாழ்க்கையில் வந்து சந்தித்துக்கொள்வது வைத்திய சரித்திரத்தில் அடிக்கடி நிகழ்வதன்று. ஸ்தூல சரீரத்தைக் கத்தியால் வெல்ல முனைந்த ரண சிகிச்சையும், அதே சரீரத்தை வாரந்தோறும் தராசில் ஏற்றி வெல்ல முனைந்த குடும்பப் பெண்களின் சங்கங்களும் அத்தகையவை. இரண்டாம் உலக மகாயுத்தத்துக்குப் பின், உணவுப் பண்டங்கள் மலிந்து, வீட்டுக்கு வீடு மோட்டார் வண்டி வந்து, கால்களுக்கு வேலை குறைந்துபோன அமெரிக்காவே இரண்டுக்கும் பிறப்பிடம். ஆபரேஷன் செய்துகொண்டு இளைத்து, சில வருஷங்களில் இழந்த எடையில் ஒரு பகுதியைத் திரும்பப் பெற்று, அதன் பின்னர் ஓர் உணவுக் கட்டுப்பாட்டுச் சங்கத்தின் கதவைத் தட்டுகிறாரே, அவரிடத்தில்தான் இவ்விரண்டும் சந்திக்கின்றன. அவர் ஏன் அங்கே வந்து சேர்கிறார், வந்தவருக்கு என்ன கிடைக்கிறது என்பதை அறிய, இரண்டின் பூர்வ கதையையும் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

சிறுகுடலின் பெரும்பகுதியை உணவு செல்லும் வழியிலிருந்து விலக்கிவிட்டால் உடல் எடை குறையும் என்று மினசோட்டா சர்வகலாசாலையைச் சேர்ந்த கிரெமன், லின்னர் முதலிய நிபுணர்கள் 1954இல் பிரசுரித்தார்கள். பிற்பாடு பிரபலமடைந்த ஒரு முறைப்படி, சுமார் இருபது அடி நீளமுள்ள சிறுகுடலில் மேற்புறம் 14 அங்குலமும் கீழ்ப்புறம் 4 அங்குலமும் மாத்திரமே உணவுக்கு வழியாக விடப்பட்டன. உண்டது உடம்பில் ஒட்டவில்லை. எடை குறைந்தது வாஸ்தவம். ஆனால் ஓயாத பேதியும், சிறுநீரகக் கற்களும், சிலருக்கு உயிருக்கே உலை வைத்த ஈரல் கேடும் கூடவே வந்து சேர்ந்தமையால், 1980ஐ ஒட்டி அந்த முறை வழக்கொழிந்தது.

இதற்கிடையில் அயோவா சர்வகலாசாலையில் எட்வர்டு மேசன் என்ற ரண சிகிச்சை நிபுணர், குடற்புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை அறுத்தெடுத்துக்கொண்ட பெண்கள் அதற்குப்பின் எவ்வளவு முயன்றாலும் சதை போடுவதில்லை என்பதைக் கவனித்தார். பிறர் அதை ஒரு பின்விளைவு என்று எண்ணிக் கடந்து போயிருக்க, மேசன் அதையே சிகிச்சையாக்க எண்ணி, 1966இல் இரைப்பையின் மேற்பகுதியைச் சிறு பையாகப் பிரித்து அதை நேரே சிறுகுடலோடு இணைத்தார். இன்று ‘கேஸ்டிரிக் பைபாஸ்’ என்று வழங்கும் ஆபரேஷனுக்கு அதுவே ஆதி. 1990களில் வயிற்றைக் கீறாமல் சிறு துவாரங்களின் வழியாகவே அதைச் செய்யும் வித்தை கைகூடியதும், அதுவரை அஞ்சி நின்றவர்களும் துணிந்து முன்வந்தார்கள்.

மற்றொரு கதை ஆஸ்பத்திரியில் நிகழவில்லை, சமையலறையில் தொடங்குகிறது. விஸ்கான்சின் மாகாணத்து மில்வாக்கி நகரில், எடையைக் குறைக்கும்படி வைத்தியர் வற்புறுத்திய எஸ்தர் மான்ஸ் என்ற பெண்மணி, பிரசவத்துக்கு முன் தாய்மார்களாகக் கூடிப் பேசிய கூட்டங்கள் தமக்குத் தைரியம் அளித்ததை நினைவுகூர்ந்து, அதே உபாயத்தைப் பருமனுக்கும் கையாண்டால் என்ன என்று யோசித்து, 1948இல் சில சிநேகிதிகளைத் தம் வீட்டுச் சமையலறை மேஜையைச் சுற்றி உட்காரவைத்தார். ‘டாப்ஸ்’ என்னும் சங்கம் அவ்விதம் பிறந்தது. குடியை விட்டொழிக்க விரும்புவோர் ஒருவரையொருவர் தாங்கிக்கொள்ளும் சங்கம் 1935 முதலே அந்நாட்டில் இயங்கி வந்தது. அதன் சாயல் இதிலும் படிந்திருந்தது. அதிகம் குறைத்தவருக்கு மகுடம் சூட்டி ராணி என்று கொண்டாடினார்கள். ஏறிய எடையோடு வந்தவரையோ, ஆரம்ப காலத்தில், பன்றியின் பெயர் சொல்லிப் பரிகசித்தார்கள். அந்த மகுடமும் அந்தப் பரிகாசமும் ஒரே நம்பிக்கையிலிருந்து எழுந்தவை. பருமன் என்பது மன உறுதியின் குறைவே என்ற நம்பிக்கை அது. இதன் நிழல் இன்னும் முழுதும் அகன்றபாடில்லை.

இவ்வகைச் சங்கங்களில் உலகப் பிரசித்தி பெற்றது நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் ஜீன் நிடெச் தொடங்கியது. 1961இல் அவருடைய எடை 214 ராத்தல். கடையில் எதிர்ப்பட்ட ஒருத்தி, பிரசவம் எப்போது என்று விசாரித்தாள். அவரோ கர்ப்பிணியே அல்லர். அந்த அவமானத்தோடு அவர் நகர சுகாதார இலாகா நடத்திய இலவசப் பருமன் கிளினிக்குக்குப் போனார். டாக்டர் நார்மன் ஜாலிஃப் வகுத்த திட்டம் அங்கே உபதேசிக்கப்பட்டது: வாரத்தில் ஐந்து முறை மீன், ஒரு முறை ஈரல், ரொட்டிக்கு அளவு, ஒரு வேளையும் பட்டினி கிடக்கலாகாது. பத்து வாரத்தில் 20 ராத்தல் குறைந்தது; ஆனாலும் குளியலறையில் அழுக்குத் துணிக் கூடைக்குள் பிஸ்கத்துப் பெட்டியை ஒளித்துவைத்து ராத்திரியில் தின்னும் வழக்கத்தை அவரால் கிளினிக்கில் வாய்விட்டுச் சொல்ல இயலவில்லை. சொல்லாமல் வைத்திருந்த அதைச் சொல்லிவிடத்தான் அவர் ஆறு சிநேகிதிகளை வீட்டுக்கு வரவழைத்தார். அவர் தம் ரகசியத்தைச் சொன்னதும், வந்தவர்களும் தத்தம் ஒளிவிடங்களைச் சொல்லத் தொடங்கினார்கள். இரண்டு மாதத்தில் நாற்பது பேர் வந்தார்கள். அடுத்த ஆண்டு அக்டோபரில் நிடெச்சின் எடை 142 ராத்தல்.

இவ்விடத்தில் ஒரு விஷயத்தை ஊன்றிக் கவனிக்க வேண்டும். நிடெச் புதிதாக எந்தப் பத்தியத்தையும் கண்டுபிடிக்கவில்லை. ஜாலிஃபின் பத்தியம் கிளினிக்கில் எவருக்கும் இலவசமாகக் கிடைத்துவந்தது. அவர் கூட்டியவை மூன்று: வாரம் தவறாமல் எடை பார்ப்பது, ஒளித்ததை ஒளிக்காமல் சொல்வது, தானே பருத்திருந்து இளைத்தவர் மட்டுமே கூட்டத்தை நடத்துவது. ஆல்பர்ட் லிப்பர்ட், ஃபெலிஸ் லிப்பர்ட் தம்பதிகளின் துணையோடு 1963 மே மாதத்தில் ‘வெயிட் வாட்சர்ஸ்’ ஒரு கம்பெனியாகப் பதிவாயிற்று. லிட்டில் நெக் என்னும் இடத்தில் ஒரு சினிமாக் கொட்டகைக்கு மேல்மாடியில் ஐம்பது நாற்காலிகள் போட்டுக் காத்திருந்தார்கள். நானூறு பேர் வந்தார்கள் என்பது அந்த ஸ்தாபனத்தின் ஐதிகம். வாரச் சந்தா இரண்டு டாலர். பத்தாம் ஆண்டு விழாவை 1973இல் மாடிசன் சதுக்க அரங்கில் 16,000 பேருக்கு மேல் கூடிக் கொண்டாடினார்கள். 1978இல் ஹைன்ஸ் உணவுக் கம்பெனி அதை விலைக்கு வாங்கியது. ஒளித்த பிஸ்கத்தைச் சொல்லிக்கொள்ளப் பிறந்த ஒரு சபை, டின்னில் அடைத்த உணவை விற்கும் கம்பெனியின் கிளையானதில் ஒரு விசித்திரம் இல்லாமலில்லை.

ரண சிகிச்சைக்கு மறுபடி வருவோம். 1991 மார்ச்சில் அமெரிக்கத் தேசிய சுகாதார நிலையங்கள் கூட்டிய மாநாடு, யார் யாருக்கு இந்த ஆபரேஷன் தகும் என்று வரையறுத்ததோடு, செய்துகொண்டவரை ஆயுள் முழுதும் வைத்தியக் கண்காணிப்பில் வைத்திருக்க வேண்டும் என்றும் கூறிற்று. வரையறையை எல்லோரும் கைக்கொண்டார்கள். கண்காணிப்போ பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டு ஆண்டுகளோடு தேய்ந்தது. ஆனால் எடையின் உண்மையான பரீட்சை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஸ்வீடனில் 1987இல் தொடங்கி ஆயிரக்கணக்கானோரைப் பல்லாண்டு பின்தொடர்ந்த ஆராய்ச்சி இதைத் தெளிவாக்கியது: எடை மிகவும் குறைந்து நிற்பது முதல் இரண்டு ஆண்டுகளில்; பின்னர் மெல்ல ஏறி, எட்டுப் பத்து ஆண்டுகளில் ஒரு நிலைக்கு வருகிறது. பத்தாம் ஆண்டில் பைபாஸ் செய்துகொண்டவர்கள் ஆதி எடையில் சராசரி 25 சதவீதமும், மற்றொரு முறைப்படி இரைப்பைக்குப் பட்டை கட்டிக்கொண்டவர்கள் 14 சதவீதமும் குறைந்தே இருந்தார்கள். அவர்களுடைய ஆயுளும் நீடித்தது. ஆகவே ஆபரேஷன் வீணாயிற்று என்பது பிழை. அதோடு எல்லாம் முடிந்தது என்பதும் பிழை.

பாடகி கார்னி வில்சன் 1999இல் பைபாஸ் செய்துகொண்டபோது அந்த ஆபரேஷனையே இணையத்தின் வழியாக உலகம் பார்த்தது. அவர் சுமார் 150 ராத்தல் இளைத்ததையும், பிற்பாடு எடை திரும்பி வந்து 2012இல் இரைப்பைக்குப் பட்டை கட்டிக்கொண்டதையும் அதே உலகம் பார்த்தது. ஊரறிய இளைத்தவர் ஊரறியப் பருப்பதைக் காட்டிலும் கூச்சம் தருவது வேறில்லை. பெயரில்லாத சாமானியருக்கும் உற்றார் உறவினர் என்ற சிறிய ஊர் ஒன்று உண்டு; “ஆபரேஷன் பண்ணிக்கொண்டுமா இப்படி?” என்ற கேள்வி அங்கே காத்திருக்கிறது.

எடை ஏன் திரும்புகிறது? சிறுத்த இரைப்பை ஒரே வேளையில் அதிகம் உண்பதைத் தடுக்குமேயன்றி, நாள் முழுதும் கொஞ்சங் கொஞ்சமாகக் கொறிப்பதைத் தடுக்காது. வறண்ட மாமிசத் துண்டு அந்தச் சிறு பையில் கனத்து நின்று போதும் என்று சொல்லும். பாலில் நனைத்த பிஸ்கத்தோ, ஐஸ்கிரீமோ, இனிப்புப் பானமோ வழுக்கிக்கொண்டு இறங்கி, பத்து நிமிஷத்தில் அடுத்ததற்கு இடம் விட்டுவிடும். பையும் அதன் வாயும் நாளடைவில் சற்று விரிவதுண்டு. இவற்றுக்கெல்லாம் மேலாக, இளைத்த தேகம் முன்னைவிடக் குறைந்த எரிபொருளில் காலந்தள்ளக் கற்றுக்கொண்டு, பறிகொடுத்த கொழுப்பை மீட்கப் பசியைத் தூண்டிக்கொண்டே இருக்கிறது. இந்தப் பசி குணதோஷமன்று, சரீர தர்மம்.

இந்த நிலையில் சங்கத்துக்கு வருகிறவருக்கு முதலில் ஒரு முரண்பாடு எதிர்ப்படும். முதலில் புரதம், அதன் பிறகே மற்றவை. சாப்பிடும்போது தண்ணீர் கூடாது. ஆயுள் முழுதும் விட்டமின் மாத்திரைகள். இவை ரண சிகிச்சை நிபுணரின் விதிகள். சங்கத்தின் கணக்கோ பெரிய வயிற்றை மனத்தில் வைத்துப் போட்டது. ‘வெயிட் வாட்சர்ஸ்’ 1997இல் அமெரிக்காவில் புகுத்திய புள்ளிக் கணக்கு கலோரி, கொழுப்பு, நார்ச்சத்து மூன்றையே எண்ணிற்று. புரதத்துக்கு அதில் தனி இடம் 2010இல்தான் வந்தது. பழமும் காய்கறியும் எவ்வளவு வேண்டுமானாலும் உண்ணலாம் என்ற சலுகை, கைப்பிடியளவே கொள்ளும் பைக்கு எவ்விதப் பிரயோஜனமும் தராமல், புரதத்தின் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். ஆகையால் பத்தியத்தை ஆஸ்பத்திரியிலிருந்தும் வாராந்தரக் கூட்டத்தைச் சங்கத்திலிருந்தும் பெற்றுக்கொள்பவரே இங்கு விவேகி.

கூட்டத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கும் அளவு உண்டு. ஆஸ்திரேலியா, ஜெர்மனி, பிரிட்டன் ஆகிய நாடுகளில் 772 பேரைக் கொண்டு நடத்தி 2011இல் வெளியான பரிசோதனையில், ஓராண்டில் சங்கத்துக்கு அனுப்பப்பட்டவர்கள் சராசரி 5 கிலோவும், வைத்தியரிடமே வழக்கமான ஆலோசனை பெற்றவர்கள் 2 கிலோவுக்குச் சற்று மேலும் குறைந்தார்கள். அவர்கள் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் அல்லர். ஆபரேஷனுக்குப் பின் ஆதரவுக் கூட்டங்களுக்கு ஒழுங்காக வருகிறவர்கள் அதிகம் இளைக்கிறார்கள் என்று கூறும் ஆய்வுகளிலும், நன்றாக இளைத்தவரே கூச்சமின்றி வருகிறார் என்ற ஆட்சேபத்துக்கு இடமுண்டு. கத்தி குறைக்கும் எடையோடு ஒப்பிட்டால் ஐந்து கிலோ அற்பம். ஆனால் ஆண்டுக்கு ஆண்டு மெல்ல ஏறுகிற எடையைத் தடுத்து நிறுத்துவதற்கு அந்த அற்பமே போதுமானதாக இருக்கக்கூடும்.

இப்போது பசியையே தணிக்கும் ஊசி மருந்துகள் வந்திருக்கின்றன. அவற்றை எழுதித் தரும் தொழிலில் தானும் 2023இல் இறங்கிய ‘வெயிட் வாட்சர்ஸ்’, 2025 மே மாதத்தில் கடன் சுமை தாளாமல் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. கம்பெனி இருக்கலாம், போகலாம். ஊசியை நிறுத்தினாலும் எடை திரும்புகிறது என்று காணப்பட்டிருப்பதால், அந்தக் கம்பெனி பதிலளித்து வந்த தேவை போய்விடவில்லை.

இரண்டு கதைகளையும் சேர்த்துப் பார்க்கையில் ஒவ்வொன்றின் பிழையும் மற்றொன்றால் வெளியாகிறது. ஒரு நாள் காரியத்தால் ஆயுட்கால உபாதை தீரும் என்று எண்ணியது ரண சிகிச்சையின் பிழை. ஆயுட்கால உபாதையை மன உறுதியின் குறை என்று எண்ணி நாணவைத்தது சங்கத்தின் பிழை. எடை திரும்பியவர் முதலில் தம் ரண சிகிச்சை நிபுணரிடம் சென்று, பையில் கோளாறு உண்டா, இரும்பும் விட்டமினும் குறைந்தனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு, ஏறிய எடையோடு வந்தாலும் முகம் சுளிக்காத ஒரு கூட்டத்தைத் தேடிக்கொள்ள வேண்டும். ஆனால் இந்தத் தேட்டத்தை அவர் தலையில் மட்டும் கட்டுவது நியாயமாகாது. 1991இல் ஏட்டில் எழுதிய ஆயுட்காலக் கண்காணிப்பை ஆஸ்பத்திரிகள் உண்மையிலேயே மேற்கொண்டு, ஆபரேஷனுக்கு நாள் குறிக்கும்போதே ஐந்தாம் ஆண்டின் கூட்டத்துக்கும் நாள் குறித்துக் கொடுக்குமானால், திரும்பி வரும் எடையைக் கண்டு திடுக்கிட்டு வெட்கத்தோடு தனியே அலைகிறவர்களின் தொகை நிச்சயமாகக் குறையும்.