பொட்டலத்தில் அல்ல, வேரில் எண்ண வேண்டும்

தமிழ்நாட்டு உரக்கடைகளில் பூச்சிமருந்துப் புட்டிகள் இருக்கும் அலமாரியிலேயே சூடோமோனாஸ் என்ற மண்வாழ் பாக்டீரியாவின் பொட்டலமும் இருக்கிறது. அதை மருந்தாகவே பார்க்கும் வழக்கம் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

பேசிலஸ் துரிஞ்ஜியென்சிஸும் மண்வாழ் பாக்டீரியாதான். ஆனால் அதை மருந்தென்று கருதுவதில் பெரிய பிழையில்லை. வித்து உருவாகும்போதே அது புரதப் படிகத்தையும் உண்டாக்குகிறது. இலையோடு படிகத்தைத் தின்ற புழுவின் காரக் குடலில் அது கரைந்து, நச்சாகிக் குடற்சுவரைத் துளைக்கிறது. 1901-இல் ஜப்பானியர் இஷிவாட்டா பட்டுப்புழு நோயில் கண்டறிந்த இந்த உயிரி, 1938-இல் பிரான்சில் விற்பனைச் சரக்காகவே வந்துவிட்டது. தெளித்த அளவையும் மடிந்த புழுவையும் வைத்து அதன் திறனை மதிப்பிடலாம்.

சூடோமோனாஸ் ஃபுளூரசன்ஸின் கணக்கு வேறு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், வேரைக் கருக்கும் டேக்-ஆல் பூஞ்சைநோய் கடுமையாகத் தாக்கிய வயலில் விடாமல் கோதுமையே விதைத்து வந்தால், சில ஆண்டுகளில் நோய் தானாகத் தணிகிறது. பயிரை மாற்றாததே பயிரைக் காக்கிறது என்பது எந்த உழவரையும் புருவம் உயர்த்த வைக்கும்! அந்த மண்ணில் சிறிதளவை எடுத்து நோய் வரும் மண்ணில் கலந்தால் காக்கும் ஆற்றலும் உடன் போகிறது, சூடாக்கினால் அழிகிறது. ராயமேக்கர்ஸ், வெல்லர் ஆகியோரின் ஆய்வுகள் இதன் காரணத்தைக் காட்டின. டைஅசிட்டைல்ஃபுளோரோகுளூசினால் என்ற பூஞ்சைக்கொல்லியைச் சுரக்கும் சூடோமோனாஸ், ஒரு கிராம் வேருக்குச் சுமார் ஒரு லட்சம் என்ற அளவை எட்டினால்தான் நோய் அடங்குகிறது.

ஆக, முடிவைத் தீர்மானிப்பது வேரில் குடியேறியவற்றின் எண்ணிக்கை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் வித்யாசேகரனும் முத்தமிழனும் கொண்டைக்கடலை வாடல் நோய்க்காக டால்க் தூளில் கலந்த சூடோமோனாஸை 1995-இல் வெளியிட்ட ஆய்வில் விவரித்தார்கள். கிலோ விதைக்கு 10 கிராம் என்ற விதைநேர்த்தி முறையின் பலம் அளவில் மட்டும் இல்லை. முளைவேர் வெளிவரும்போதே பாக்டீரியா அங்கே இடம் பிடித்துவிடுகிறது. பூஞ்சைக்கு முன்பே இரும்புச் சத்தையும் கவர்ந்துகொள்கிறது.

பூச்சிகளின் விஷயத்திலும் இந்தப் பேரினத்துக்குச் சூழலே எஜமான். சுவிட்சர்லாந்தின் சிஹெச்ஏ0 என்ற சூடோமோனாஸ் திரிபு, ஃபிட் என்ற நச்சைப் புழுவின் உடலுக்குள் சென்றபிறகே சுரக்கிறது, வேரில் சுரப்பதில்லை. தூள்மாதிரியில் தேடினால் அந்த ஆற்றல் எப்படித் தெரியும்?

பொட்டலத்திலுள்ள பாக்டீரியா எண்ணிக்கையைத்தான் கடைச்சரக்கில் சோதிக்க முடியும் என்ற எதிர்வாதத்தில் நியாயம் உண்டு. வித்து உண்டாக்காத சூடோமோனாஸ் கிடங்கு வெப்பத்தில் செத்துப்போவதால் அந்தச் சோதனை தேவையும்கூட. ஆனால் வயல் பரிசோதனைகள், விளைச்சலோடும் நோய் விழுக்காட்டோடும் நின்றுவிடாமல், விதைத்த சில வாரங்களில் வேரிலுள்ள எண்ணிக்கையையும் தர வேண்டும். அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. புறஊதா ஒளியில் மின்னும் சூடோமோனாஸ் எல்லாம் பொட்டலத்திலிருந்து வந்தவை அல்ல. மண்ணின் பூர்வகுடிகளும் மின்னும். இட்ட திரிபை மரபணு அடையாளத்தால் பிரித்தறியாத வரை, வேரில் எண்ணியதும் பாதிக் கணக்கே.