ஓசூர் வீடுகளுக்கு வந்த ஃபயர்வால்

விண்டோஸ் எக்ஸ்பி வைத்திருந்தவர்களுக்கு 2003 ஆகஸ்ட் மாதம் அவ்வளவு எளிதில் மறக்காது. இணையத்தில் இணைந்த சில நிமிடங்களில் திரையின் நடுவே ஒரு சின்னப் பெட்டி முளைக்கும். கணினி 60 நொடியில் அணையப் போகிறது, செய்துகொண்டிருக்கும் வேலையைச் சேமித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லும். நொடிகள் இறங்கும், கணினி அணைந்து மீண்டும் எழும், இணையத்தைத் தொட்டதும் பெட்டி திரும்பவும் வந்து நிற்கும். காரணம், வலை வழியே தானாகப் பரவும் பிளாஸ்டர் என்ற வார்ம். ஆகஸ்ட் 11 அன்று உலகைச் சுற்றத் தொடங்கிய அது, யாரும் எந்தக் கோப்பையும் திறக்காமலேயே 135 என்ற போர்ட் (இணைப்பு வாசல்) வழியாக நேரே உள்ளே வந்தது. அந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச்சை மைக்ரோசாஃப்ட் ஜூலை 16-ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் ஒரு ஃபயர்வாலும் எக்ஸ்பிக்குள் இருந்தது. ஆனால் 2001-இல் விற்பனைக்கு வந்த நாள் முதல் அதை அணைத்து வைத்தே கொடுத்தார்கள்.

வீட்டுக் கணினிக்குத் தனியாக ஒரு ஃபயர்வால் மென்பொருள் வேண்டுமா என்ற கேள்வி சூடாக இருந்தது அந்த நாட்களில்தான். ஓசூர், கிருஷ்ணகிரி போன்ற ஊர்களில் அதற்கான பதில் பெருநகரங்களில் மாறிய வேகத்தில் மாறவில்லை.

அதுவரை ஃபயர்வால் நிறுவனங்களின் சொத்து. 1988 நவம்பரில் மாரிஸ் வார்ம் அமெரிக்கப் பல்கலைக்கழகக் கணினிகளை முடக்கியதற்குப் பிறகு, டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்திலும் பெல் ஆய்வகத்திலும் உள்வலைக்கும் வெளிவலைக்கும் நடுவே காவல் கணினி வைக்கும் முறை வளர்ந்தது. 1994-இல் இஸ்ரேலின் செக் பாயிண்ட் அதைப் பெட்டியில் போட்டு விற்றது. ஓசூரின் சிப்காட் பேட்டை 1970-களிலேயே எழுந்துவிட்டது. அசோக் லேலண்டும் டி.வி.எஸ். மொபெட்டும் 1980-இல் வந்தன, டைட்டன் அந்தப் பத்தாண்டின் பின்பாதியில். பெரிய தொழிற்சாலைகளில் கணினிகளைக் கவனிக்க ஒரு தனிப் பிரிவு இருக்கும். ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தால், மேசை மேல் இருக்கும் கணினிக்கு அப்படி யாரும் இல்லை.

அந்த வீட்டுக் கணினி எப்படி இணையத்தைத் தொட்டது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15 அன்று சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தது. சிறு நகரங்களுக்கு அது பி.எஸ்.என்.எல்.லின் சஞ்சார்நெட் மூலம், தொலைபேசிக் கம்பியில் கீச்சிடும் டயல்-அப் மோடமாகப் பிறகே வந்தது. டயல்-அப்பில் கணினிக்கும் வெளியுலகுக்கும் இடையே எந்தப் பெட்டியும் கிடையாது. இணைப்புக் கிடைத்ததும் கணினிக்கே நேரடியாக ஒரு பொது முகவரி வந்துவிடும். உலகில் எங்கிருந்தும் எவரும் அந்த முகவரியின் போர்ட்களைத் தட்டிப் பார்க்கலாம்.

தட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். பேட்ச் போடாத விண்டோஸ் கணினியை இணையத்தில் சும்மா வைத்தால் எவ்வளவு நேரத்தில் தொற்றும் என்று அமெரிக்காவின் சான்ஸ் நிறுவனம் கணக்கிட்டு வந்தது. 2004-இல் கிடைத்த சராசரி சுமார் 20 நிமிடம். டயல்-அப் வேகத்தில் பேட்ச்களை இறக்கி முடிக்க அதைவிடக் கூடுதல் நேரம் ஆகும். நோய்க்கு மருந்து வாங்கப் போகும் வழியிலேயே நோய் பிடிக்கும் நிலை. அமெரிக்காவில் 1999-இல் வந்த பிளாக்ஐஸும் 2000-இல் வந்த சோன்அலாரமும் இந்த இடத்தைத்தான் பிடித்தன. சோன்அலாரம் வீட்டுப் பயன்பாட்டுக்கு இலவசம். வெளியிலிருந்து தட்டுபவர்களுக்குப் பதிலே சொல்லாது. உள்ளிருந்து எந்த மென்பொருள் வெளியே பேச முயன்றாலும் விடலாமா என்று கேட்கும். எல்லாவற்றுக்கும் ‘சரி’ சொல்லிப் பழகியவர்களுக்கு இரண்டாவது வசதியால் பெரிதாகப் பயன் இல்லை. முதல் வசதி மட்டும் நிஜமாகவே காப்பாற்றியது.

2004 ஏப்ரல் கடைசியில் சாஸர் வார்ம் 445 என்ற போர்ட் வழியே இதே கூத்தை இன்னொரு முறை ஆடியது. எழுதியவர் ஜெர்மனியைச் சேர்ந்த 18 வயது மாணவர். அந்த ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் சர்வீஸ் பேக் 2-ஐ வெளியிட்டு, விண்டோஸ் ஃபயர்வாலைத் தொடக்கத்திலிருந்தே இயங்கும்படி மாற்றியது. அமெரிக்க வீடுகளைப் பொறுத்தவரை கூடுதல் ஃபயர்வாலின் பொற்காலம் அதோடு முடிந்தது எனலாம்.

ஓசூர்ப் பக்கம் அப்படி முடிந்துவிடவில்லை. இங்கே வீட்டுக் கணினி என்றால் பெரும்பாலும் அசெம்பிள் செய்த கணினி. உதிரிபாகச் சந்தையான பெங்களூரு எஸ்.பி. ரோடு பஸ் ஏறினால் எட்டும் தூரம். அசெம்பிள் கணினியோடு வந்தது அநேகமாக நகலெடுத்த எக்ஸ்பி. அப்டேட் வந்தால் திருட்டு நகல் என்று காட்டிக்கொடுத்துவிடும் என்ற பயத்தில் தானியங்கி அப்டேட்டை முதல் வேலையாக நிறுத்திவிடுவது வழக்கம். சர்வீஸ் பேக் 2-இன் முழு வடிவம் சுமார் 266 எம்பி. டயல்-அப்பில் அதை இறக்க அரை நாளுக்கு மேல் பிடிக்கும், தொலைபேசிக் கட்டணம் வேறு. கணினி இதழ்களோடு வந்த சி.டி.க்கள்தான் பலருக்கு வழி. ஆக, மைக்ரோசாஃப்ட் மூடிய கதவு இந்த வீடுகளில் இன்னும் சில ஆண்டுகள் திறந்தே கிடந்தது. அந்த இடைவெளியில் கூடுதல் ஃபயர்வால் வைத்தவர் புத்திசாலி. சென்னையில் 1990-களின் தொடக்கத்தில் பிறந்த கே7 போன்ற உள்நாட்டு நிறுவனங்களும் ஆண்டிவைரஸோடு ஃபயர்வாலையும் சேர்த்து ஒரே தொகுப்பாகத் தந்தன.

ஆனால் காவலுக்கு வைத்ததே ஓட்டையாவதும் உண்டு. 2004 மார்ச்சில் வந்த விட்டி வார்ம் தாக்கியது பிளாக்ஐஸ் உள்ளிட்ட பாதுகாப்பு மென்பொருள்களைத்தான். ஃபயர்வால் போட்டிருந்த சுமார் 12,000 கணினிகள், அது போட்டிருந்த காரணத்தாலேயே விழுந்தன. வன்தட்டில் இருந்த தரவுகளையும் அந்த வார்ம் கொஞ்சம் கொஞ்சமாக அழித்தது. 2008 ஜூலையில் விண்டோஸுக்கு ஒரு அப்டேட் வந்தபோது, சோன்அலாரம் வைத்திருந்தவர்களுக்கு இணையமே நின்றுபோனது. ஜூஜூவாடியில் தமிழ்நாட்டுச் சோதனைச் சாவடி, எல்லை தாண்டினால் அத்திப்பள்ளியில் கர்நாடகச் சாவடி என்று ஒரே சரக்குக்கு இரண்டு முறை நின்ற லாரி ஓட்டுநர்களுக்கு இரண்டாவது காவலின் தொல்லை புரியும். காகிதத்தில் குறை இல்லாவிட்டாலும் இரண்டாவது சாவடியில் நேரம் போகும்.

2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். டேட்டாஒன் பிராட்பேண்டைத் தொடங்கியது. அதோடு வீட்டுக்குள் ஒரு மோடம் வந்தது. அதை ‘பிரிட்ஜ்’ முறையில் வைத்தால் பழைய டயல்-அப் கதைதான், பொது முகவரி கணினிக்கே வரும். ‘ரௌட்டர்’ முறையில் வைத்தால் முகவரி மோடத்தோடு நின்றுவிடும். வெளியிலிருந்து தட்டும் வார்ம்களுக்குக் கணினி கண்ணில் படாது. ஃபயர்வாலைப் பற்றிக் கடைகளில் மணிக்கணக்கில் பேசினார்கள். மோடம் எந்த முறையில் இருக்கிறது என்று கேட்டவர்கள் குறைவு.

2017-இல் கணினி, மோடம் இரண்டும் ஒரே ஆண்டில் சோதனைக்கு வந்தன. மே 12-இல் பரவிய வன்னாக்ரை என்ற வார்ம், கிருஷ்ணகிரிக்கு அடுத்த சித்தூர் உள்ளிட்ட மாவட்டங்களில் ஆந்திரக் காவல்துறைக் கணினிகளைப் பூட்டியது. சென்னையை அடுத்த ஒரகடத்தில் ரெனால்ட்-நிசான் ஆலையையும் பாதித்தது. வன்னாக்ரையும் 445 போர்ட் வழியேதான் புகுந்தது. மார்ச் மாதத்திலேயே பேட்ச் வந்திருந்தது. ஒரு கணினிக்குள் வந்தபின் அதே உள்வலையில் பேட்ச் இல்லாத மற்றவற்றுக்கும் தாவியது.  ஜூலை மாதக் கடைசியில் கர்நாடகத் தொலைத்தொடர்பு வட்டத்தில், அதாவது ஜூஜூவாடியைத் தாண்டினால் தொடங்கும் பகுதியில், சுமார் 60,000 பி.எஸ்.என்.எல். மோடங்கள் மால்வேரால் பாதிக்கப்பட்டன. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் ‘அட்மின்’ என்றே இருந்த மோடங்கள் அவை. கடவுச்சொல்லை மாற்றும்படி நிறுவனம் அறிவித்தது.

அந்த வீடுகளின் கணினிகளில் எத்தனை ஃபயர்வால் இருந்திருந்தாலும் மோடத்தைக் காப்பாற்றியிருக்காது. தாக்குதல் கணினி வரை வரவே இல்லை.

2020-இல் ஊரடங்கு வந்தது. ஓசூரில் குடியிருந்து பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போய்வந்தவர்கள் அலுவலக லேப்டாப்பை வீட்டு மேசையில் விரித்தார்கள். அதில் ஃபயர்வாலை நிறுவனமே பூட்டி நிர்வகிக்கும், ஊழியர் கைவைக்க முடியாது. சொந்தக் கணினியில் விண்டோஸ் 11 தரும் ஃபயர்வால் போதுமானது. எந்த மென்பொருள் எங்கே பேசுகிறது என்று பார்த்தே ஆகவேண்டும் என்ற ஆர்வம் உள்ளவர்கள் கூடுதலாக ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம், தவறில்லை. இன்று வீட்டுக்காரரைக் கவிழ்ப்பவை வாட்ஸாப்பில் அபராத ரசீது என்று சொல்லி வரும் ஏ.பி.கே. கோப்பும், திரையைப் பகிரச் சொல்லும் குரலும். அவற்றுக்கு அனுமதி தருவது பயனரின் விரலே என்பதால் ஃபயர்வால் குறுக்கே வராது. பணம் போனால் உடனே அழைக்க வேண்டிய எண் 1930.

இனி கவனிக்க வேண்டியது ஐ.பி.வி6 என்ற இணைய முகவரி முறை. ஜியோவின் வருகைக்குப் பிறகு இந்தியா அதில் உலகின் முன்வரிசையில் நிற்கிறது. இந்த முறையில் வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் தனிப் பொது முகவரி கிடைக்கும். டிவியையும் சிசிடிவி கேமராவையும் முன்போல ஒரே முகவரிக்குப் பின்னால் ஒளித்துவைக்க முடியாது, ரௌட்டருக்குள் இருக்கும் ஃபயர்வாலே தடுத்தாக வேண்டும். கேமராவில் கூடுதல் மென்பொருள் எதையும் நிறுவ வீட்டுக்காரருக்கு வழி இல்லை. எல்லாக் கருவிக்கும் ஒரே கடவுச்சொல் போட்டு அனுப்பக் கூடாது என்பதை, மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் பொறியியல் மையம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் முதலாவதாக வைத்தது. பிரிட்டன் 2024 ஏப்ரல் 29 முதல் அதையே சட்டமாக்கி, மீறும் உற்பத்தியாளர்களுக்கு அபராதமும் வைத்திருக்கிறது.