நோய் வராத 168 வீடுகள்

1926ஆம் ஆண்டு எடின்பரோ கணிதக் கழகத்தின் ஆய்விதழில் வெளிவந்த ஒரு கட்டுரையில், இந்தியக் கிராமம் ஒன்றில் காலரா பரவியதைப் பற்றிய சிறிய அட்டவணை இடம்பெற்றிருக்கிறது. அக்கிராமத்தில் இருந்தவை 223 வீடுகள். அவற்றுள் 32 வீடுகளில் தலா ஒருவரும், 16 வீடுகளில் தலா இருவரும், 6 வீடுகளில் தலா மூவரும், ஒரே ஒரு வீட்டில் நால்வரும் நோயுற்றனர். மொத்தம் 55 வீடுகள், 86 நோயாளிகள். எஞ்சிய 168 வீடுகளில் எவருக்கும் நோய் வரவில்லை.

அட்டவணையைப் பார்ப்பவரின் கண் இயல்பாக அந்த 55 வீடுகளின் மீதே நிலைக்கும். கட்டுரையாசிரியரின் கவனமோ நோய் வராத 168 வீடுகளின் மீது சென்றது. அவை கிருமி எட்டியும் தப்பிய வீடுகளா, அல்லது கிருமி எட்டவே எட்டாத வீடுகளா? இரண்டு வகைக்கும் அட்டவணை தரும் குறி ஒன்றே: சுழி. எழுவாய் வேற்றுமைக்கு உருபு இல்லை என்பதும், வேற்றுமைத்தொகையில் உருபு மறைந்து நிற்கிறது என்பதும் ஒன்றல்ல என்பதைத் தமிழ் இலக்கணம் பயின்றோர் அறிவர். கண்ணுக்கு இரண்டும் வெற்றிடமாகவே தெரியும். இலக்கணம் அவற்றைப் பிரித்தறிகிறது. நோய்க்கணக்கிலும் அத்தகைய பிரிப்பு இயலுமா என்பதே அக்கட்டுரை எழுப்பிய வினா.

எழுதியவர் ஆண்டர்சன் கிரே மெக்கென்ட்ரிக். மருத்துவம் பயின்று இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தவர். 1897இல் செகந்திராபாத்தில் கொசுவின் உடலில் மலேரியாக் கிருமியைக் கண்டறிந்த ரொனால்ட் ராசுடன் 1901இல் சியரா லியோனுக்குச் சென்று மலேரியா ஒழிப்புப் பணியில் ஈடுபட்டவர். நோய்ப் பரவலைக் கணிதமாக எழுதிப் பார்க்கும் ஆர்வத்தை அவரிடம் வளர்த்தவர் ராஸ். பின்னர் மெக்கென்ட்ரிக் கசௌலியிலுள்ள பாஸ்டர் நிலையத்தில் பணியாற்றி, அதன் இயக்குநராகவும் உயர்ந்தார். உடல்நலக் குறைவால் 1920இல் இந்தியாவை விட்டு நீங்கி, எடின்பரோவில் அரச மருத்துவர் கல்லூரியின் ஆய்வகத்துக்குப் பொறுப்பேற்றார். இந்தியாவில் திரண்ட நோய்ப் பதிவுகள் அங்கும் அவரது ஆய்வுக்குப் பொருளாயின.

அவரது முறையைப் பின்தொடர்வது கடினமன்று. முதலில், 223 வீடுகளுக்கும் நோய்வாய்ப்பு ஒரே அளவில் இருந்தது என்று கொள்வோம். வீட்டுக்குச் சராசரி 86/223, அதாவது ஏறத்தாழ 0.39 நோயாளி. அரிதான நிகழ்வுகள் ஒன்றையொன்று சாராமல் நிகழும்போது அவை எவ்வாறு பங்கிடப்படும் என்பதைக் கூறும் பாய்சான் பரவலின்படி, நோயாளி இல்லாத வீடுகள் 152, ஒரு நோயாளி உள்ள வீடுகள் 58, இருவர் உள்ள வீடுகள் 11, மூவர் உள்ளவை ஒன்றோ இரண்டோ இருக்க வேண்டும். உண்மையில் இருந்தவை 168, 32, 16, 6. கணக்கு பொருந்தவில்லை. சுழிகள் மிகுதியாக இருக்கின்றன. எனவே அவற்றுள் இருவகை வீடுகள் கலந்திருக்கின்றன.

அடுத்த படியில் மெக்கென்ட்ரிக் 168 என்ற எண்ணையே ஒதுக்கி வைத்தார். நோய் கண்ட வீடுகளின் எண்களைக் கொண்டு மட்டுமே, கிருமி எட்டிய வீடுகள் எத்தனை என்று கணிக்க முயன்றார். பாய்சான் பரவலின் ஒரு பண்பு இதற்கு உதவுகிறது. நோயாளிகளின் மொத்தத் தொகையை அதனாலேயே பெருக்கி வரும் எண்ணை, ஒவ்வொரு வீட்டிலும் உள்ள நோயாளி எண்ணிக்கையை அதைவிட ஒன்று குறைந்த எண்ணால் பெருக்கிக் கூட்டிய தொகையால் வகுத்தால், மொத்த வீடுகளின் எண்ணிக்கை கிடைக்கும். சுழி வீடுகளும் ஒற்றை நோயாளி வீடுகளும் அக்கூட்டலில் எதையும் சேர்ப்பதில்லை. இருவர் உள்ள 16 வீடுகள் 32ஐயும், மூவர் உள்ள 6 வீடுகள் 36ஐயும், நால்வர் உள்ள வீடு 12ஐயும் தருகின்றன, கூட்டினால் 80. 86ஐ 86ஆல் பெருக்கினால் 7396. அதனை 80ஆல் வகுத்தால் 92.45.

இவ்வீடுகளை அதே பரவலின்படி பங்கிட்டு முழு எண்களாக்கினால் 37, 34, 16, 5, 1 என வரும், கூட்டுத்தொகை 93. உண்மையில் காணப்பட்ட 32, 16, 6, 1 ஆகியவற்றுடன் இவை நெருங்கிப் பொருந்துகின்றன. அப்படியானால், கிருமி எட்டியும் நோய் வராமல் தப்பியவை ஏறத்தாழ 37 வீடுகள் மட்டுமே. மற்ற 130 வீடுகள் கிருமியின் எல்லைக்கே அப்பாற்பட்டவை.

இப்பொருத்தம் மற்றொரு செய்தியையும் உணர்த்தியது. வீட்டில் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு நோய் தொற்றியிருந்தால், பலர் நோயுற்ற வீடுகள் கணக்கு காட்டுவதைவிட மிகுதியாக இருந்திருக்கும். அவ்வாறு இல்லை. நோய் பொதுவான ஓரிடத்திலிருந்து வந்திருக்க வேண்டும். காலராவுக்கு அது பெரும்பாலும் நீராகவே இருக்கும். கிராமத்தில் பல கிணறுகள் இருந்திருக்கலாம், அவற்றுள் ஒன்று மாசுற்றிருக்கலாம், 93 வீட்டார் அந்த ஒன்றிலிருந்தே நீர் எடுத்திருக்கலாம் என்று மெக்கென்ட்ரிக் ஊகித்தார். உள்ளூரில் விசாரித்தபோது, ஊரின் ஒரு பகுதியினர் நீர் எடுத்துவந்த குறிப்பிட்ட கிணறு ஒன்று மாசுற்றிருந்தது தெரியவந்தது என்று அவரது கட்டுரை பதிவு செய்கிறது.

காணாத ஒன்றைக் கண்டவற்றிலிருந்து மதிப்பிட்டு, அம்மதிப்பைக் கொண்டு கண்டவற்றை மீண்டும் விளக்கும் இந்த வழிமுறைக்கு அப்போது தனிப்பெயர் இல்லை. 1977இல் டெம்ப்ஸ்டர், லேர்ட், ரூபின் ஆகிய மூவரும் இத்தகைய முறைகளைப் பொதுமைப்படுத்தி, இ.எம். படிமுறை என்ற பெயரில் வெளியிட்டனர். மறைந்துள்ள அளவு முதலில் உத்தேசமாக ஊகிக்கப்படுகிறது. அதைக் கொண்டு நோய்வாய்ப்பு கணக்கிடப்படுகிறது. அந்த வாய்ப்பைக் கொண்டு மறைந்துள்ள அளவு திருத்தப்படுகிறது. விடை நிலைகொள்ளும்வரை இச்சுழற்சி தொடரும். மேற்கண்ட கிராமத்தின் எண்களை இவ்வாறு திரும்பத் திரும்பக் கணக்கிட்டால், தப்பிய வீடுகளின் எண்ணிக்கை 37இலிருந்து இறங்கி 33க்கும் 34க்கும் இடையே நிலைகொள்ளும். கையால் செய்வதற்குச் சலிப்பூட்டும் வேலை. கணினிக்கு நொடிப்பொழுதும் வேண்டாம். புள்ளியியலின் வரலாற்றை எழுதுவோர் மெக்கென்ட்ரிக்கின் கணக்கை இப்படிமுறையின் மிகப் பழைய முன்னோடிகளுள் ஒன்றாகக் கருதுகின்றனர்.

இன்று நுண்ணுயிர் ஆய்வகங்களில் இப்படிமுறை அன்றாடக் கருவி. ஒரு கைப்பிடி மண்ணிலோ மனிதக் குடலிலோ வாழும் பாக்டீரியாக்களில் பெரும்பான்மையானவற்றை ஆய்வகத் தட்டில் வளர்த்தெடுக்க இயலுவதில்லை. எனவே மாதிரியிலுள்ள டி.என்.ஏ. முழுவதையும் பிரித்தெடுத்து, இலட்சக்கணக்கான சிறு துணுக்குகளாகப் படித்து, எத்துணுக்கு எவ்வுயிரிக்கு உரியது என்று கணினியைக் கொண்டு தீர்மானிக்கின்றனர். நெருங்கிய உறவுடைய இரண்டு இனங்களுக்குப் பொதுவான துணுக்குகள் வரும்போது சிக்கல் எழுகிறது. அவற்றை எதன் கணக்கில் எழுதுவது? எந்த இனம் எவ்வளவு உள்ளது என்று ஊகித்து, அவ்விகிதத்தில் துணுக்குகளைப் பங்கிட்டு, பங்கீட்டைக் கொண்டு ஊகத்தைத் திருத்துவதே விடை. பாக்டீரியாக்களை இனம் காண உதவும் 16எஸ் மரபணுவை இத்தகைய துணுக்குகளிலிருந்து மீட்டுருவாக்க 2011இல் வெளியிடப்பட்ட எமிர்ஜ் என்னும் மென்பொருள், இ.எம். படிமுறையின் பெயரையே தன் பெயருக்குள் தாங்கியிருக்கிறது.

சுழியைப் பற்றிய பழைய வினாவும் அங்கே திரும்பி வருகிறது. நுண்ணுயிர்க் கணக்கு அட்டவணைகளில் பெரும்பாலான கட்டங்கள் சுழிகளாலேயே நிரம்பியிருக்கும். ஓர் உயிரி அம்மாதிரியில் இல்லாததால் வந்த சுழியும், இருந்தும் அதன் துணுக்கு ஒன்றுகூடப் படிக்கப்படாததால் வந்த சுழியும் ஒரே வடிவில்தான் தெரியும். நோயாளியின் மாதிரியில் நோய்க்கிருமி இல்லை என்று முடிவு சொல்லும் இடத்தில், இவ்வேறுபாடு ஒருவரின் சிகிச்சையையே மாற்றக்கூடியது.

மெக்கென்ட்ரிக்கின் பெயர் பரவலாக அறியப்பட்டிருப்பது வேறொரு கட்டுரையால். ஆய்வக விபத்தொன்றில் 1924இல் பார்வையை முற்றாக இழந்த வேதியியலாளர் வில்லியம் கெர்மாக்குடன் இணைந்து அவர் 1927இல் எழுதிய கட்டுரை, மக்களை நோய்க்கு ஆளாகக்கூடியவர், நோயுற்றவர், நோயிலிருந்து நீங்கியவர் என மூன்றாகப் பகுக்கும் மாதிரியின் மூலமாக இன்றும் கற்பிக்கப்படுகிறது. அதில் அவர்கள் எடுத்துக்காட்டாகக் கொண்டது, 1905 டிசம்பர் முதல் 1906 ஜூலை வரை பம்பாயில் பிளேக்கால் நிகழ்ந்த மரணங்களின் வாரக் கணக்கு. உச்ச வாரங்களில் ஏறத்தாழ 900 உயிர்கள் போயின. ஏறி இறங்கும் அந்த எண்களின் மீது அவர்களது மணிவடிவ வளைகோடு அழகாகப் பொருந்தியது.

ஆயினும் அம்மாதிரி எளிய மனிதத் தொற்றையே கருதியது. அதே காலத்தில் அதே நகரில் பிளேக் ஆய்வுக் குழுவினர் எலிகளைப் பிடித்து அறுத்துச் சோதித்துக்கொண்டிருந்தனர். எலிகளிடையே நோய் உச்சத்தை எட்டிய பின்னரே மனிதரிடையே அது உச்சமடைவதை அவர்கள் கண்டனர். தெள்ளுப்பூச்சி எட்டாதவாறு காக்கப்பட்ட விலங்குகள் நோயின்றித் தப்பின. பம்பாயில் பிளேக் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரே பருவத்தில் எழுந்து கோடையில் தணிந்தது. நோய்க்கு ஆளாகக்கூடியவர் குறைந்துவிட்டதால் கொள்ளைநோய் தணிந்தது என்பது மாதிரியின் விளக்கம்; பருவத்துக்கும் எலிக்கும் பூச்சிக்கும் அதில் இடமில்லை. இக்குறையைக் கெர்மாக்கும் மெக்கென்ட்ரிக்கும் அறிந்தே இருந்தனர். மனிதரின் பிளேக் எலிகளின் பிளேக்கைச் சார்ந்தது என்பதையும், தங்கள் கணக்கு தோராயமானது, அதன் மாறிலிகளிலிருந்து முடிவுகள் எடுக்கலாகாது என்பதையும் கட்டுரையிலேயே குறிப்பிட்டனர். பாடநூல்கள் வளைகோட்டை எடுத்துக்கொண்டு எச்சரிக்கையை விட்டுவிட்டன. 2012இல் நிக்கோலா பக்காயர் அக்கணக்கை மறு ஆய்வு செய்து, பருவத்தையும் எலிகளையும் சேர்க்காமல் பம்பாயின் பிளேக்கை விளக்க இயலாது என்று விரிவாக எடுத்துக்காட்டினார்.

இது பழங்கதையாக முடிந்துவிடவில்லை. 2020 அக்டோபரில், இந்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை அமைத்த வல்லுநர் குழு, முன்னெச்சரிக்கைகள் தொடர்ந்தால் 2021 பிப்ரவரி வாக்கில் கோவிட் பெருந்தொற்று அடங்கிவிடும் எனக் கணித்தது. அக்குழுவின் மாதிரி, கெர்மாக்கும் மெக்கென்ட்ரிக்கும் வகுத்த மூவகைப் பகுப்பின் வழித்தோன்றல். பின்னர் டெல்டா எனப் பெயர் பெற்ற திரிபு, அதே அக்டோபர் மாதத்திலேயே இந்திய மாதிரிகளில் தோன்றியிருந்தது. 2021 மே மாதத் தொடக்கத்தில் அன்றாடப் புதிய தொற்றுகள் 4 இலட்சத்தைக் கடந்தன. கடந்த மாதங்களின் எண்களோடு வளைகோடு பொருந்தியிருந்தது, கிருமி மாறிக்கொண்டிருந்தது. மாற்றத்தைக் காட்டவல்ல மரபணு வரிசைப் பரிசோதனைக்கான 10 ஆய்வகங்களின் கூட்டமைப்பு 2020 டிசம்பரில்தான் அமைக்கப்பட்டது.

ஒரே மனிதரின் இரண்டு கட்டுரைகளுக்கும் இடையே கணிதத் திறனில் குறைவு நிறைவு கூற முடியாது. கிராமத்துக் கணக்கு ஒரு கிணற்றைச் சுட்டியது. அக்கிணறு உண்டா என்று ஊருக்குள் சென்று பார்க்க முடிந்தது. பம்பாய்க் கணக்கு சுட்டியது ஒரு வடிவத்தை மட்டுமே. அவ்வடிவத்தைப் பல்வேறு காரணங்கள் தோற்றுவிக்கலாம். எண்களோடு பொருந்துவதைக் கொண்டு மட்டும் ஒரு மாதிரியை மதிப்பிடலாகாது என்பதற்கு இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பதைவிடத் தெளிவான சான்று அரிது.

காலராக் கிராமத்தின் கணக்கில் மற்றொருவரின் பங்கும் உண்டு. அவர் பெயர் கட்டுரையில் இல்லை. நோயாளிகளை மட்டும் எண்ணியிருந்தால் 55 வீடுகளும் 86 பேரும்தான் தாளில் ஏறியிருப்பர். கிருமி எட்டியவை 93 வீடுகள் என்று அப்போதும் கணித்திருக்கலாம். எல்லைக்கு வெளியே 130 வீடுகள் நலமாக இருந்தன என்பதும், ஆகவே தேட வேண்டியது ஊர் முழுமைக்கும் பொதுவான ஒன்றை அன்று, ஒரு பகுதிக்கு மட்டும் உரிய ஒன்றை என்பதும் தெரிந்திராது. அது தெரிந்ததற்குக் காரணம், கொள்ளைநோய்க் காலத்தில் யாரோ நோயில்லாத 168 வீடுகளையும் விடாமல் எண்ணி, ஒவ்வொன்றுக்கும் எதிரே சுழி என்று எழுதி வைத்ததே.