கொள்ளிடத்தின் பள்ளம்: 1840களின் ஒரு தளச்சுவரை மீண்டும் வாசித்தல்

காவிரியின் நீரைக் கொள்ளிடம் விழுங்குகிறது என்பது காவிரிப் பாசன வரலாற்றில் கேள்வி கேட்காமல் கைமாறிவரும் கூற்று. 1804இல் பொறியாளர் கால்டுவெல் கல்லணையை உயர்த்தியதும், 1830இல் ஆர்தர் காட்டன் அதில் மணல்போக்கி மதகுகள் வைத்ததும், 1836இல் இரண்டு ஆறுகளும் பிரியும் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை கட்டத் தொடங்கியதும் அந்த விழுங்கலைத் தடுத்த படிகளாகவே எழுதப்படுகின்றன. இந்த வரிசையின் கடைசி வேலையை மட்டும் ஆய்வாளர்கள் இரண்டு வரியில் தாண்டிவிடுகிறார்கள். மேலணை எழும்பிப் பத்தாண்டு ஆவதற்குள், 1840களின் நடுவில், காவிரியின் தலைப்பிலும் குறுக்கே ஒரு தளச்சுவர், அதாவது படுகையோடு ஒட்டிய தாழ்ந்த சுவர், போட வேண்டிவந்தது.

அளவை மீறிய வெற்றிக்குச் செய்த சிறு திருத்தம் என்பது அதற்கு வழக்கமாகத் தரப்படும் விளக்கம்: காவிரிக்குத் தேவைக்கு மேல் தண்ணீர் வந்தது, சுவர் வைத்து மட்டுப்படுத்தினார்கள். இதைத் தவறென்று சொல்ல மாட்டேன், போதாது என்கிறேன். தண்ணீர் கூடியதோடு நிற்கவில்லை. காவிரியின் படுகையே அரிபட்டு இறங்கியது. அதுவரை மேடிட்டது காவிரி, பள்ளமானது கொள்ளிடம். ஒரே கட்டுமானத்தில் அந்த நிலை தலைகீழாயிற்று. அப்படியானால் அரிப்பைக் கொள்ளிடத்தின் பிறவிக்குணம் என்று எப்படிச் சொல்வது? கொள்ளிடம் நேரானது, சரிவு கூடியது என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சரிவு 1836க்கு முன்னும் இருந்தது, பின்னும் இருந்தது. மாறியது பங்கீடு: எந்தக் கிளைக்கு எவ்வளவு தண்ணீர், அதோடு எவ்வளவு மணல். அணைக் கணக்குகளில் தண்ணீர் கன அடியில் வருகிறது. மணலுக்குப் பத்தியே இல்லை. ஒற்றைச் சுவரின் மேல் இவ்வளவு பாரம் ஏற்றலாமா என்று கேட்கலாம். தயக்கத்தோடுதான் ஏற்றுகிறேன். ஆனாலும், படுகை இறங்காத ஆற்றில் தளச்சுவருக்கு என்ன வேலை?

இந்த வாசிப்பு ஏற்கப்பட்டால் இன்றைய சீரமைப்புப் பேச்சின் அடிப்படை மாறுகிறது. கொள்ளிடம் காவிரியின் வெள்ள வடிகால். ஆழமான வடிகால் கூடுதல் வெள்ளம் கொள்ளும், அதை ஏன் மேடாக்க வேண்டும் என்கிறது ஒரு தரப்பு. குறுக்குவெட்டைத் தாளில் வரைந்தால் அது சரி. ஆற்றில் அப்படி நடப்பதில்லை. பள்ளம் அகலம் முழுக்கச் சீராக விழுவதில்லை. ஓட்டம் ஒரு பக்கம் ஒதுங்கிக் கரையின் அடியையும் தூணின் அடியையும் பறிக்கிறது. 2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில் மேலணையின் கொள்ளிடக் கதவணையில் இருந்த 45 ஷட்டர்களில் ஒன்பது அடித்துச் செல்லப்பட்டன. அதே மாதத்தில் திருச்சியின் பழைய கொள்ளிடப் பாலத்திலும் தூண்கள் சரிந்தன. 1928இல் திறந்த பாலம் அது. மணலுக்குள் புதைந்து இருக்க வேண்டிய அடித்தளம் வெயில் பட நின்றதை அந்தப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பார்கள். பாலம் கிழடு, அதனால் விழுந்தது என்ற சமாதானத்துக்கு இங்கே இடம் ஒதுக்கப்போவதில்லை.

படுகை இறங்கியதற்கு மணல் அள்ளும் லாரிகளை மட்டும் குற்றவாளியாக்குவதும் பாதி உண்மைதான். 1934 முதல் மேட்டூர் நீர்த்தேக்கம் மேலிருந்து வரும் மணலைத் தன்னிடமே நிறுத்திக்கொள்கிறது. மணல் சுமக்காத தண்ணீர் பசித்த தண்ணீர். கீழே கிடைத்த இடத்தில் தோண்டும். உள்ளே வருவது குறைந்த இடத்தில் இருப்பதையும் அள்ளினால் படுகை இறங்காமல் என்ன செய்யும்?

ஆகவே கொள்ளிடத்தைச் சீரமைப்பதென்றால் முதலில் படுகை மட்டத்தை மீட்க வேண்டும். அள்ளுவது நிற்க வேண்டும். உயரமான ஒரே கதவணையைவிட, மணலைத் தாண்டவிடும் தாழ்ந்த தளச்சுவர்கள் அடுத்தடுத்து அமைவது மேல் என்று கருதுகிறேன். அன்று காவிரித் தலைப்பில் வைத்த மருந்தும் இந்த இனம்தான். கதவணை வேண்டாம் என்பதல்ல. நீரைத் தேக்கும் வேலையும் படுகையைத் தாங்கும் வேலையும் வேறு வேறு.

படுகை மட்டத்தின் கணக்கெடுப்பும் கதவணை வாசலோடு முடிந்துவிடக் கூடாது. வடகரையில் மருதையாறு போன்றவை கொள்ளிடத்தில் வந்து விழுகின்றன. பெரிய ஆற்றின் படுகை இறங்கினால் சிற்றாற்றின் முகம் அந்தரத்தில் நிற்கும். தண்ணீர் அங்கே படியிறங்கிக் குதிக்கும். குதிக்கும் இடம் மழைக்கு மழை பின்னோக்கி நகர்ந்து, மேலேயுள்ள ஊரின் சிறுபாலத்தடி வரை அரித்துக்கொண்டு போகும். படுகையின் குறுக்குவெட்டு அளவுகளை முதலில் எடுக்க வேண்டிய இடம் அந்த முகங்கள்.