பிழையைக் கணக்கிட்டது யார்? சர்வோ கட்டுப்பாட்டுப் பலகையின் வரலாறு

எண்வழி இயங்கும் இயந்திரங்களின் வரலாற்றைக் கணினியின் வளர்ச்சியாகவே எழுதுவது வழக்கம். இயந்திரத்தின் மேசை நிற்க வேண்டிய இடத்துக்கும் நிற்கும் இடத்துக்கும் உள்ள வேறுபாட்டை, அதாவது பிழையை, எந்தப் பாகம் கணக்கிட்டது என்று தேடினால் வேறொரு வரலாறு கிடைக்கிறது. அதுவே அடிப்படையானது என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஹெலிகாப்டர் இறக்கைகள் செய்துவந்த மிச்சிகனின் ஜான் பார்சன்ஸ் 1949இல் அமெரிக்க விமானப்படையின் ஒப்பந்தத்தைப் பெற்றார். எண்களைக் கொண்டு வெட்டுளியைப் புள்ளி புள்ளியாக நகர்த்துவது அவர் திட்டம். அவருக்குத் துணைநின்ற எம்.ஐ.டி. சர்வோமெக்கானிசம் ஆய்வகமோ போர்க்காலத்தில் பீரங்கிகளைக் குறிநோக்கித் திருப்பிப் பழகியது. மேசையின் இருப்பிடத்தை அளந்து திருப்பிச் சொல்லும் பின்னூட்டத்தை அது சேர்த்தது. 1952இல் ஓடிக் காட்டிய சின்சினாட்டி ஹைட்ரோ-டெல் மில்லிங் இயந்திரம், ஒரு துடிப்புக்கு 0.0005 அங்குலம் நகர்ந்தது. வெற்றிடக் குழல்களும் ரிலேக்களும் நிறைந்த அலமாரிகள் பிழையைக் கணக்கிட்டன.

ஜப்பான் எதிர்த்திசையில் சென்றது. ஃபுஜிட்சுவில் செய்யுமோன் இனாபா 1959இல் உருவாக்கிய மின்-ஹைட்ராலிக் துடிப்பு மோட்டாருக்குத் துடிப்பை அனுப்பினால் போதும். மேசை போய்ச் சேர்ந்ததா என்று திரும்பிப் பார்க்கும் ஏற்பாடு இல்லை. விலை மலிவு என்பதால் அது பரவியது. 1973 எண்ணெய் நெருக்கடியில், இடைவிடாது ஓடும் ஹைட்ராலிக் பம்பின் மின்செலவு அதன் பெருங்குறையானது. மறு ஆண்டே இனாபா, அமெரிக்காவின் கெட்டிஸ் நிறுவனத்தின், பின்னூட்டத்தோடு இயங்கும் டிசி சர்வோ மோட்டார் நுட்பத்தை உரிமம் பெற்று, ஃபுஜிட்சுவிலிருந்து பிரிந்த ஃபானுக் நிறுவனத்துக்குக் கொண்டுவந்தார். தம் கண்டுபிடிப்பைத் தாமே கைவிட்ட அந்த முடிவை இத்துறையின் மிகத் துணிவான முடிவு என்பேன். அத்துடன் பின்னூட்டம் ஃபானுக்குக்குள் நிலைபெற்றது.

1980களில் நேஷனல் செமிகண்டக்டரின் எல்எம்628, எல்எம்629 ஐசிகள் பிழைக் கணக்கைக் கைக்கடக்கமான பலகைக்குள் இறக்கின. கணினி இலக்கையும் வேகத்தையும் முடுக்கத்தையும் சொன்னால் போதும். 8 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தில் 256 மைக்ரோவினாடிக்கு ஒருமுறை ஐசியே பிழையைக் கணக்கிட்டது. மோட்டாரின் சுழற்சியை அளக்கும், ஒரு சுற்றுக்கு 500 கோடுள்ள என்கோடரின் இரு அலைகளிலும் எல்லா விளிம்புகளையும் எண்ணினால் 2000 எண்ணிக்கை வரும். ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் நகர்த்தும் பால் ஸ்க்ரூவில் ஓர் எண்ணிக்கை 2.5 மைக்ரான். மின்னிரைச்சலில் ஓர் எண்ணிக்கை நழுவினால், அடுத்து வெட்டும் ஒவ்வொரு பரப்பும் அவ்வளவு தள்ளிப் போகும். என்கோடர் அலையையும் அதன் தலைகீழையும் முறுக்கிய இணைக் கம்பியில் சேர்த்தே அனுப்புவதன் காரணம் இதுதான்.

பலகை வடிவமைப்பின் உண்மையான சோதனை மின்திறன் பகுதியில்தான். மோட்டாரை இரு திசையிலும் ஓட்டும் எச்-பிரிட்ஜ் சுற்றின் ஒரே பக்கத்தில் மேல் டிரான்சிஸ்டரும் கீழ் டிரான்சிஸ்டரும் கணநேரம் சேர்ந்து திறந்தாலும் மின்வழங்கி குறுக்குச்சுற்றாகும். எனவே ஒன்றை அணைத்து, சிறிது இடைவெளி விட்டே மற்றதைத் திறக்க வேண்டும். பாரமான மேசை சடுதியில் நிற்கும்போது மோட்டார் ஜெனரேட்டராகி மின்னழுத்தத்தை ஏற்றும். அந்த ஆற்றலை எரித்துத் தீர்க்கத் தடையம் வைக்காத பலகை, வேலை நடுவே டிரான்சிஸ்டரைப் பலிகொடுக்கும்.

1990களில் அமெரிக்கத் தேசியத் தரநிலை நிறுவனத்தின் இஎம்சி என்ற இயந்திரக் கட்டுப்பாட்டு மென்பொருள் பிழைக் கணக்கைச் சாதாரணக் கணினிக்கே மீட்டது. இன்றைய லினக்ஸ்சிஎன்சி அதன் வழித்தோன்றல். அதில் இடைமுக அட்டை என்கோடரை எண்ணி, கணினி சொன்ன மின்னழுத்தத்தை, மோட்டாரை ஓட்டும் டிரைவுக்குத் தந்தால் போதும். நிலைக் கணக்கைக் கணினி ஏறத்தாழ மில்லிவினாடிக்கு ஒருமுறை போட்டுவிடும். மோட்டார் சுருளின் மின்னோட்டமோ அதைவிடப் பன்மடங்கு விரைவாக மாறுவதால், அதை அடக்கும் சுற்று இன்றும் டிரைவ் பலகையில்தான் இருக்கிறது.