இத்தாலி மலையில் ஒருத்தி, புதுக்கோட்டையில் ஒரு லட்சம் பேர்



எங்கள் நாகூரில் சைக்கிள் ஓட்டுபவனுக்கு மேடு என்றால் வெட்டாற்றுப் பாலம்தான். மற்றபடி எந்தப் பக்கம் போனாலும் தட்டை நிலம், வயல், வாய்க்கால். கடல்காற்று எதிரே அடித்தால் மட்டும்தான் கால் வலிக்கும். அப்படிப்பட்ட ஊர்க்காரன் ஒருநாள் ராத்திரி காஸ்ட் அக்கவுண்டிங் படிக்க உட்கார்ந்துவிட்டு, வழக்கம்போல வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தேன் :-) அது இத்தாலியில் நடக்கும் ஒரு சைக்கிள் பந்தயம்.

பந்தயத்தின் பெயர் 'ஸ்த்ராதே பியாங்கே'. 'வெள்ளைச் சாலைகள்' என்று அர்த்தம். டஸ்கனி மாநிலத்துக் குன்றுகளில், தார் போடாத சரளைக்கல் சாலைகளில் ஓட்டி, சியெனா நகரத்து மைதானத்தில் முடிக்க வேண்டும். முதல் பந்தயம் 2007ல் காயோலே என்ற ஊரிலிருந்து புறப்பட்டது. அது 'கியாந்தி' என்ற திராட்சை மதுவுக்குப் பேர்போன பகுதி. அந்த மதுவுக்கு உரிய எல்லை எதுவரை என்று 1716லேயே அரசாணை போட்டு வரையறுத்துவிட்டார்களாம். நம்ம ஊர் புவிசார் குறியீட்டுக்கெல்லாம் தாத்தா!

பெண்களுக்கான ஸ்த்ராதே பியாங்கே எப்போது தொடங்கியது தெரியுமா? 2015ல். அதே சாலை, அதே மேடு. ஆனால் எட்டு வருஷம் கழித்து. இது ஏன் என்று தேடப்போய்தான் அல்ஃபோன்சினா ஸ்த்ராதா என்ற பெண்மணியைப் பற்றித் தெரிந்துகொண்டேன்.

இவர் 1891ல் பிறந்தவர். இத்தாலியின் மிகப்பெரிய சைக்கிள் பந்தயமான 'ஜிரோ தி இத்தாலியா'வில் 1924ல் கலந்துகொண்டார். அது ஆண்கள் பந்தயம். 12 கட்டங்கள், மொத்தம் சுமார் 3,600 கிலோமீட்டர். ஜெனோவாவிலிருந்து ஃப்ளாரன்ஸ், ஃப்ளாரன்ஸிலிருந்து ரோம் என்று டஸ்கனி மேடுகள் வழியாகவும் போனது. அந்தக் காலத்து சாலைகள் பெரும்பாலும் மண்ணும் கல்லும்தான்.

சரி, ஒரு பெண்ணை எப்படிச் சேர்த்தார்கள்? பெரிய மனசு ஒன்றும் இல்லை. பணத் தகராறில் அந்த வருஷம் பெரிய வீரர்களும் அவர்களுடைய கம்பெனிகளும் பந்தயத்துக்கு வரவில்லை. பெயர்கள் இல்லாமல் பந்தயம் டல்லடிக்கும். மக்கள் பேச ஏதாவது வேண்டும். நடத்தியவர்கள் யார் வந்தாலும் சரி என்று கதவைத் திறந்தார்கள். அந்த இடுக்கில் நுழைந்தவர்தான் அல்ஃபோன்சினா. பட்டியலில் அவர் பெயரின் கடைசி எழுத்து விடுபட்டு, ஆண் பெயரா பெண் பெயரா என்று தெரியாதபடி 'அல்ஃபோன்சின்' என்று வந்தது.

லாக்குயிலாவிலிருந்து பெருஜியா போகும் கட்டத்தில் மழையும் காற்றும். விழுந்து எழுந்து, ஹேண்டில்பார் உடைந்து, கெடு நேரம் தாண்டித்தான் வந்து சேர்ந்தார். (உடைந்த இடத்தில் துடைப்பக் கட்டையை வைத்துக் கட்டி ஓட்டினார் என்று ஒரு கதை சொல்வார்கள்.) விதிப்படி அவர் கணக்கில் இல்லை. ஆனாலும் தொடர்ந்து ஓட்டலாம் என்று விட்டார்கள், ஏனென்றால் அவரைப் பார்க்கத்தான் கூட்டம் கூடியது! கிளம்பியவர்கள் 90 பேர், கணக்கில் முடித்தவர்கள் 30 பேர். கணக்கில் இல்லாத அல்ஃபோன்சினாவும் மிலானோவுக்கு வந்து சேர்ந்தார்.

அடுத்த வருஷம்? பெரிய வீரர்கள் திரும்பி வந்தார்கள். கதவு மூடப்பட்டது. இன்றுவரை ஆண்கள் ஜிரோவில் ஓட்டிய ஒரே பெண் அவர்தான். பெண்களுக்குத் தனியாக ஒரு ஜிரோ வர 1988 ஆகிவிட்டது. அவர் இறந்தது 1959ல்.

இதைப் படித்துவிட்டு மனசு சரியில்லை. ஒரு பெண் இவ்வளவு செய்தும் ஏன் எதுவும் மாறவில்லை? பதில் எனக்கு நம்ம ஊருக்குப் பக்கத்திலேயே கிடைத்தது.

தஞ்சை வயல்களுக்குத் தெற்கே புதுக்கோட்டை. பெரும்பகுதி ஏரி, கண்மாய்த் தண்ணீரை நம்பியிருக்கும் மாவட்டம். கல்குவாரி வேலை அதிகம். 1991ல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியது. மாவட்ட நிர்வாகமும் தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் கை கோத்து நடத்திய எழுத்தறிவு இயக்கம். அப்போது கலெக்டர் ஷீலா ராணி சுங்கத்.

இங்கேயும் கதவு திறந்தது ஒரு தேவையால்தான். பாடம் சொல்லித்தரும் பெண் தொண்டர்கள் கிராமம் கிராமமாகப் போக வேண்டும். பஸ் எப்போதோ ஒன்று. நடந்தால் எத்தனை ஊர் போக முடியும்? அதனால் எழுத்தோடு சைக்கிளும் பாடத்தில் சேர்ந்தது. தொண்டர்கள் கற்றார்கள், பிறகு படிக்க வந்தவர்கள், பிறகு குவாரித் தொழிலாளிகள், விவசாயக் கூலிகள், கிராம நர்சுகள், டீச்சர்கள். சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொள்ளச் சொல்லி ஒரு பாட்டே எழுதிப் பாடினார்கள்.

பத்திரிகையாளர் பி. சாய்நாத் அப்போது அங்கே போய் எழுதினார். 1996ல் வந்த அவருடைய புத்தகத்திலும் அது இருக்கிறது. கொஞ்ச காலத்திலேயே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் பழகினார்கள், 1992ல் நடந்த சைக்கிள் நிகழ்ச்சிகளில் 70,000 பேருக்கு மேல் ஓட்டிக் காட்டினார்கள் என்கிறார். அதில் முஸ்லிம் பெண்களும் இருந்ததை எழுதியிருக்கிறார். நாகூர்க்காரனான எனக்கு அந்த வரி தனியாகத் தெரிந்தது.

அதில் இன்னொரு விஷயமும் உண்டு. லேடீஸ் சைக்கிள் போதுமான அளவு கிடைக்காததால் பலர் ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினார்களாம். சிலருக்கு அதுதான் பிடித்திருந்ததாம். ஏன்? முன்னால் பார் இருக்கிறதே, குழந்தையை உட்கார வைக்கலாம்! குரங்கு பெடல் போட்டுப் பழகிய நம்மில் எத்தனை பேர் அந்த பாரைத் திட்டியிருப்போம்.

நான் பி.காம் படிப்பவன், அதனால் கணக்குப் புத்தியை விட முடியவில்லை. இந்தப் பெண்களின் லாபத்தை எந்தக் கணக்கில் எழுதுவது? காய்கறியையோ மற்ற பொருளையோ கேரியரில் வைத்து நான்கு ஊர் சுற்றி விற்றால் வருமானம் கூடும், அது வரவுப் பக்கம் வந்துவிடும். ஆனால் பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரம்? பஸ் ஸ்டாப் வரை கொண்டுபோய் விட அப்பாவோ அண்ணனோ புருஷனோ வரும்வரை காத்திருந்த நேரம்? அது செலவாக எந்தப் பேரேட்டிலும் ஏறியதே இல்லை. செலவாகவே எழுதாததை மிச்சமானது என்று எப்படிக் காட்டுவது? சைக்கிள் ஒழித்தது அந்தக் காத்திருப்பைத்தான்.

இப்போது அல்ஃபோன்சினாவுக்கு வருவோம். இத்தாலியிலும் புதுக்கோட்டையிலும் வேறு யாருக்கோ இருந்த தேவையால்தான் கதவு திறந்தது. ஒன்று மூடிக்கொண்டது, மற்றொன்று மூடவில்லை. என் சிற்றறிவுக்கு எட்டிய வித்தியாசம் இது: அல்ஃபோன்சினா ஒருத்தி. ஒருத்தி ஓட்டினால் அது செய்தி, வேடிக்கை. தெருவே திரும்பிப் பார்க்கும், நாலு பேர் விசிலடிப்பார்கள். ஊரில் பாதிப் பேர் ஓட்டினால் யார் யாரைத் திரும்பிப் பார்ப்பது? புதுக்கோட்டையிலும் ஆரம்பத்தில் கேலி இருந்தது. எல்லார் வீட்டுப் பெண்ணும் ஓட்டியபோது கேலிக்கு ஆள் கிடைக்கவில்லை.

இது என் கற்பனை மட்டும் இல்லை. பீகார் அரசு 2006ல் ஒன்பதாம் வகுப்பு சேரும் மாணவிகளுக்கு சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தது. கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் இதை ஆராய்ந்து 2017ல் கட்டுரை வெளியிட்டார்கள். உரிய வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்கள் 32 சதவீதம் கூடியிருந்தார்கள். தூரம் குறைந்தது ஒரு காரணம். எல்லாப் பெண்களுக்கும் ஒரே நேரத்தில் சைக்கிள் வந்ததால் ஊர்க்கட்டுப்பாடு தளர்ந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள்.

தமிழ்நாட்டில் அதற்கும் முன்பே, 2001-02ல், பிளஸ் 1, பிளஸ் 2 படிக்கும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு விலையில்லா சைக்கிள் தொடங்கியது. பிறகு மற்ற மாணவ, மாணவியருக்கும் வந்தது. 'ஓசி சைக்கிள்' என்று நாமே கிண்டலடித்திருக்கிறோம். இனி நான் அடிக்க மாட்டேன்.

என் உம்மாவுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. ஏன் கற்றுக்கொள்ளவில்லை என்று இதை எழுதும்போது கேட்டேன். வாப்பா விடவில்லை, வீட்டில் திட்டினார்கள் என்று ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். "அப்ப பொம்பளப் புள்ளைவ யாரு ஓட்டுனா?" என்று திருப்பிக் கேட்டார், அவ்வளவுதான். யாரும் தடுக்கவே தேவைப்படவில்லை.

தங்கச்சி பள்ளிக்கூடத்துக்கு சைக்கிளில்தான் போகிறாள். சாயந்திரம் ஏழெட்டுப் பேர் தெருவை அடைத்துக்கொண்டு பேசியபடி வருவார்கள். எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை, ஹாரன் அடிக்கும் ஆட்டோக்காரரைத் தவிர!

உங்கள் தெருவில் முதன்முதலில் சைக்கிள் ஓட்டிய பெண் யார்? இன்றைக்கு வீட்டில் கேட்டுப் பாருங்கள்.